நான்கு விரல் மிச்சம்

எங்கள் தொழிற்சாலையைக் கெடுத்தது யார் என்று கேட்டால் நான் தயங்காமல் கையைத் தூக்குவேன். வேறு யார் தலையிலும் கட்ட வழியில்லை. எழுதினது நான். கையெழுத்துப் போட்டது நான். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்துக் காட்டினதும் நான்தான்.

சேரன்மகாதேவியைத் தாண்டி வாய்க்கால் கரையில் தகரக் கூரை போட்ட இரண்டு கொட்டகைகள். வாசலில் ரசாயனத் தொழிற்சாலை என்று பலகை இருக்கும். உள்ளே வந்து பார்த்தால் கல்யாண வீட்டுச் சமையற்கட்டுதான் ஞாபகத்துக்கு வரும். நாங்கள் செய்தது ஒரே ஒரு சாமான். தையல் நூலுக்குப் பூசுகிற மெழுகுப் பால். ஆயத்த ஆடை செய்கிற இடங்களில் தையல் மிஷின் ஓடுகிற வேகத்தில் ஊசி சுட்டுப் பழுத்துவிடும். வெறும் நூல் அந்தச் சூட்டில் அறுந்துபோகும். எங்கள் மெழுகுப் பாலில் முங்கி எழுந்த நூல் அறாது. வெள்ளை வெளேரென்று, தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கும். இதே சாமானைப் பெரிய பெரிய கம்பெனிகளும் செய்தன. எங்களுடையது ஏன் அவர்களுடையதைவிட நன்றாக இருந்தது என்று எங்களுக்கே தெரியாது. தெரிந்த மாதிரி நான் பேசிக்கொண்டிருந்தேன். வேதியியலில் முதுகலைப் பட்டம் வாங்கின ஒரே ஆள் அங்கே நான்தானே.

முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். எண்ணெய் வியாபாரத்தில் இருந்தவர். எங்கோ மூடிப்போன ஆலையிலிருந்து பழைய கொப்பரை ஒன்றை லாரியில் ஏற்றி வந்து இந்தத் தொழிலை ஆரம்பித்தார். மெழுகையும் தண்ணீரையும் மற்றதையும் போட்டுக் காய்ச்சி, கடைந்து, ஆறவிடுகிற கொப்பரை அது. நான் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருஷம். ஒரு நாள்கூட அந்தக் கொப்பரை எங்களை ஏமாற்றியதில்லை.

போன வருஷம் ஆடி மாதம் எங்களுக்குக் கேடு காலம் ஆரம்பித்தது. எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆலை, இனி தையல் நூல் செய்யப்போவதில்லை என்று கடிதம் போட்டுவிட்டது. பாதிச் சரக்கு ஒரே இடத்துக்குப் போவது ஆபத்து என்று எனக்கும் தெரியும், அண்ணாச்சிக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்தோம்? ஒன்றும் செய்யவில்லை. அண்ணாச்சி வடக்கே போய் அலைந்து, ஒரு பெரிய நூல் கம்பெனியின் வாசல்படியை மிதித்துவிட்டு வந்தார். அவர்கள் முகம் கொடுத்துப் பேசினார்களாம். தீபாவளிக்கு மறுவாரம் மூன்று பீப்பாய் புதுச் சரக்கு மாதிரிக்கு அனுப்ப வேண்டும், அது தேறினால் வருஷம் முழுக்க வாங்குவார்களாம். அதற்கு முன்னால், எங்கள் தொழிலின் பலம் என்ன, பலவீனம் என்ன, பலவீனத்தை எப்படிச் சரிசெய்தோம் என்று நாங்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். "இவன் வேண்டாம்னு சொல்லிட்டாம்னா, பொங்கலோட பூட்டிருவேன் வே. எனக்கு வேற வழி இல்ல."

முப்பத்திநாலு பேர் வேலை செய்கிற இடம். அதில் இருபது பேர் பெண்கள். அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வந்து, சரக்கை நிரப்பி, மூடி, ஒட்டி, கழுவித் தள்ளிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போகிறவர்கள். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்த வயதில் என்னை வேறு யார் எடுப்பார்கள்?

நான் நான்கு நாள் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்து எழுதினேன். பலம் நான்கு தேறியது. பலவீனம் பதினொன்று. அண்ணாச்சி தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"பலம் நாலு, பலவீனம் பதினொண்ணா? என்ன வே, பொண்ணு பாக்க வாறவன்ட்ட மாறுகண்ணு, தெத்துப்பல்லுன்னு நாமளே எழுதிக் குடுக்கணுமா?"

மறைத்தால் நேரில் வந்து பார்க்கும்போது மாட்டிக்கொள்வோம், இதையெல்லாம் சரிசெய்துவிட்டோம் என்று காட்டினால்தான் மதிப்பு என்று நான் விளக்கினேன். படித்தவன் சொல்லுகிறான் என்று அவரும் விட்டுவிட்டார். அந்தப் பதினொன்றில் மூன்றைத்தான் இங்கே சொல்ல வேண்டும், எங்களைக் கொன்றது அந்த மூன்றும்தான்.

முதலாவது, கொப்பரையின் வால்வு. சரக்கை இறக்குகிற வால்வு கொப்பரையின் அடியில் இருக்க வேண்டும். எங்களுடையதில் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருந்தது. எந்தக் காலத்திலோ எந்தப் பட்டறைக்காரனோ அளவைத் தப்பாக எடுத்து ஒட்டினது. அதனால் எவ்வளவு இறக்கினாலும் நான்கு விரல் சரக்கு அடியில் நின்றுவிடும். அதன் மேலேயே அடுத்த தடவைக்கான மெழுகை ஊற்றி, கடைகிற சூட்டுக்கு வந்ததும் கடைய ஆரம்பித்துவிடுவார்கள். பழைய சரக்கு புதியதில் கலக்கிறது, அசுத்தம் என்று எழுதினேன். இரண்டாவது, அலமாரியில் பழைய சரக்கிலிருந்து எடுத்துவைத்த, காலம் கடந்த மாதிரிக் குப்பிகள் தூசி படிந்து நிற்கின்றன. மூன்றாவது, வேலைசெய்கிறவர்கள் சரக்கை வெளியே எடுத்துப் போவதைத் தடுக்க ஏற்பாடு இல்லை.

மூன்றாவதை நான் ஏன் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். எங்கள் பெண்கள் நாள் முழுக்க ஈரத் தரையில் நிற்கிறவர்கள். குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். பீப்பாயை நிரப்பும்போது தரையில் சிந்துகிற மெழுகுப் பாலை வழித்து எடுத்து வெடிப்பில் தேய்த்துக்கொள்வார்கள். கொஞ்சம் தைலக் குப்பியில் அடைத்து வீட்டுக்கும் கொண்டுபோவார்கள். இது எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும், அவர் கண்டுகொண்டதில்லை. நான்தான் புதிதாகக் கண் திறந்தவன் மாதிரி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினேன். எதை எடுத்துப் போனாலும் வேலை போய்விடும். கேட்டில் பையைச் சோதிப்பார்கள். சீட்டு இல்லாமல் ஒரு துரும்பு வெளியே போகக் கூடாது.

தாள் ஒட்டின மூன்றாம் நாள் சாயங்காலம், விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வருகிற ஒரு அம்மாவின் பையில், தூக்குச்சட்டிக்கு அடியில், சின்னத் தைலக் குப்பி ஒன்று அகப்பட்டது. ஒன்பது வருஷமாக எங்களிடம் பீப்பாய் நிரப்புகிறவர். அவருடைய அப்பா மில் தொழிலாளி. அப்பாவைப் போலவே இந்த அம்மாவும் பேச்சில் கறார், வேலையில் சுத்தம். தரையில் சிந்தினதுதான், காலுக்குப் போடத்தான் எடுத்தேன் என்றார். பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஒரு ஆளை விட்டால் தாளுக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தோன்றியது. சனியன் நாக்கில் உட்கார்ந்த நேரம்.

"அங்கன போய்ச் சாக்கடையில ஊத்தும்மா," என்றேன். "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

அவர் கழுவுமிடத்துச் சாக்கடைக்குப் போய்க் குப்பியைக் கவிழ்த்தார். கெட்டியாக இருந்ததால் உடனே விழவில்லை. விழுகிறவரைக்கும் தட்டிக்கொண்டே நின்றார். எல்லோரும் நின்றார்கள். அப்புறம் காலிக் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். நான் என் மேசைக்குத் திரும்பி, மூன்றாவது பலவீனத்துக்கு எதிரே, சரிசெய்யப்பட்டது என்று எழுதினேன்.

மற்ற இரண்டையும் அதே வாரத்தில் முடித்தேன். அலமாரியிலிருந்த பழைய மாதிரிகளைக் கொதிநீர் ஊற்றிக் கழுவித் தள்ளச் சொன்னேன். கொப்பரையைக் காஸ்டிக் சோடாக் காரம் போட்டுக் காய்ச்சி, நீராவி விட்டு, உள்ளே முகம் தெரிகிற மாதிரி தேய்க்கச் சொன்னேன். கழுவுவதற்கு முந்தின நாளே பட்டறைக்காரர் வந்து பழைய வால்வை அறுத்து எடுத்து, அடியில் புதிதாகத் துளை போட்டு ஒட்டிக் கொடுத்தார். அறுத்த துண்டு பழைய இரும்புக் கடைக்குப் போனது. அண்ணாச்சி கொப்பரைக்குள் எட்டிப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கே வே என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கொப்பரையில் போட்ட முதல் சரக்கு திரிந்துபோனது.

ஆறினபோது மேலே தண்ணீர், கீழே மெழுகு. விரலில் எடுத்தால் வெண்ணெய் இல்லை, நெய் உறைகிற மாதிரி மணல் மணலாக இருந்தது. சூட்டில் ஏதோ பிசகு என்று நினைத்து இரண்டாவது போட்டோம். அதுவும் மணல். மழை பெய்து ஆற்றுத் தண்ணீர் கலங்கியிருந்ததால் தண்ணீரைச் சந்தேகித்துக் கிணற்றுத் தண்ணீரில் போட்டேன். மணல். புது மெழுகு மூட்டையைச் சந்தேகித்துப் பழைய மூட்டையில் போட்டேன். கடைகிற வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன், பைய ஆறவிட்டேன், ஐஸ் கட்டி வைத்து ஆற்றினேன். மணல், மணல், மணல். பத்தொன்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த சாமான் கையை விட்டுப் போய்விட்டது. கொப்பரையைக் கழுவுவதற்கு முன் செய்த கடைசிச் சரக்கும் ஆலைகளுக்குப் போய்ச் சேர்ந்து, தீர்ந்தும்விட்டது.

அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தினமும் மத்தியானம் கொப்பரைப் பக்கம் வந்து, ஒரு கரண்டி எடுத்து, விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போவார். பதினேழு நாள்தான் பாக்கி இருந்தது. பெண்கள் நிரப்புவதற்கு ஒன்றுமில்லாமல் பீப்பாய்களைக் கழுவினதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கல்லூரிப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கிப் புரட்டினேன். ஒரு எழவும் ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். அடுத்த வீட்டுப் பெண் கையில் டம்ளரோடு வாசலில் நின்று, உறைக்குக் கொஞ்சம் மோர் கேட்டாள். நேற்று மிச்சம் வைக்காமல் எல்லாத் தயிரையும் பிள்ளைகள் காலி பண்ணிவிட்டார்களாம். என் மனைவி உள்ளே போய் இரண்டு கரண்டி கொண்டுவந்து ஊற்றினாள். அவ்வளவுதான். நான் வாயில் நுரையோடு அப்படியே திகைத்து நின்றேன்.

மிச்சம். நான்கு விரல் மிச்சம்.

ஒரு தடவை சரியாக உறைந்த மெழுகுத் துகள் கொஞ்சம் அடியில் கிடந்தால், புது மெழுகும் அதைப் பார்த்து அதே மாதிரி நைசாக உறையும். இல்லாவிட்டால் தன் இஷ்டத்துக்கு மணலாக உறையும். இதைக் கல்லூரியில் நான் பரீட்சைக்குப் படித்து மார்க் வாங்கியிருக்கிறேன். பத்தொன்பது வருஷம் எங்களைக் காப்பாற்றினது என் படிப்பும் இல்லை, அண்ணாச்சியின் சாமர்த்தியமும் இல்லை. எவனோ ஒரு பட்டறைக்காரன் தப்பாக ஒட்டின வால்வு. எங்களுடைய ஒரே பலம் அதுதான். அதை நான் பலவீனத்தில் எழுதி, அறுத்து, இரும்புக் கடையில் எடைக்குப் போட்டிருக்கிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது.

பழைய சரக்கு ஒரு கரண்டி கிடைத்தால் போதும். முதலில் ஒரு டம்ளரில் உறையவைக்கலாம், டம்ளரிலிருந்து வாளி, வாளியிலிருந்து கொப்பரை. ஆனால் சூடு காணாத சரக்காக இருக்க வேண்டும். கொப்பரையில் கடைகிற சூட்டுக்கு அடியில் நின்றது முழுக்க உருகியதில்லை, முழுக்க உருகிவிட்டால் அந்தக் குணம் போய்விடும்.

பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். அறுத்த வால்வு இன்னும் விற்கப்படாமல் கிடந்தது. எனக்கு உயிர் வந்தது. கடைக்காரர் அதைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தார். "உள்ள பூரா மெழுகா இருந்துச்சு சார். தீயில காட்டிச் சுத்தமாக்கிட்டேன். நீங்க கழுவக்கூட வேண்டாம்."

நூல் ஆலைகளுக்கெல்லாம் போன் போட்டேன். எங்கும் தீர்ந்துவிட்டது. எங்கள் காலிப் பீப்பாய்களைத் தண்ணீர் பிடித்துவைக்க வாங்கிப் போனவர்கள் வீடுகளைத் தேடிப் போனேன். வீரவநல்லூரில் ஒரு வீட்டில் பீப்பாய்க்குள் தலையை விட்டுச் சுரண்டிப் பார்த்தேன். அந்த வீட்டு அம்மா, நாலு தடவை சவுக்காரம் போட்டுக் கழுவினோம் சார், ஒரு வாடை கிடையாது என்று என்னைத் தைரியப்படுத்தினார். இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் இவ்வளவு சுத்தம் எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் தைலக் குப்பிகள் ஞாபகத்துக்கு வந்தன.

மறுநாள் காலை பாக்கி இருந்த பத்தொன்பது பெண்களையும் நிற்கவைத்து விஷயத்தைச் சொன்னேன். யாரிடமாவது வீட்டில் ஒரு குப்பி இருந்தால் கொடுங்கள், தொழிற்சாலை பிழைத்துக்கொள்ளும் என்றேன். தரையைப் பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மூத்தவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாங்க அதெல்லாம் எடுக்கமாட்டோம் சார் என்றார். ஒன்றும் செய்யமாட்டேன் என்று சத்தியம் பண்ணினேன். யாரும் எடுக்கவில்லை சார் என்று இன்னொருத்தி சொன்னாள். பின்னால் பலகையில் என் தாள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பிடித்துக்கொடுக்கப் புது வழி கண்டுபிடித்திருக்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் அவர்களாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். தாளைக் கிழித்துப் போட்டேன். அதற்கும் யாரும் நம்பவில்லை. சில பேர் பயந்து அன்றைக்கு ராத்திரியே வீட்டில் இருந்ததைக் கொட்டிவிடுவார்கள் என்ற நினைப்பு வேறு வந்து என்னை வதைத்தது. பாக்கி இருந்தது ஒன்பது நாள்.

போகவேண்டிய இடம் ஒன்றுதான் இருந்தது. மத்தியானம் பாபநாசம் பஸ் பிடித்து விக்கிரமசிங்கபுரத்தில் இறங்கினேன். வீட்டைக் கண்டுபிடிக்க நாலு இடத்தில் விசாரித்தேன். அந்த அம்மா வாசல் நடையில் பீடி இலையும் தூளும் பரப்பின சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. தண்ணி குடிக்கியளா சார் என்று கேட்டார், உள்ளே போய்க் கொண்டுவந்தும் கொடுத்தார், திரும்ப உட்கார்ந்து இலையை எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வால்வு, கழுவினது, திரிந்துபோனது, பொங்கலோடு பூட்டப்போவது. உங்களிடம் கொஞ்சம் இருக்குமா என்று கேட்டேன். ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் அவரை நீங்க என்று கூப்பிட்டேன். அதைக் கவனித்த மாதிரி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"இருந்ததத்தான சாக்கடையில ஊத்தச் சொன்னிய."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிரே அவர் பாதங்கள் இருந்தன. குதிகாலில் வெடிப்பு திரும்பவும் ஆழமாக விட்டிருந்தது.

"கால்ல கொஞ்சம் ஒட்டியிருக்கும்," என்றார். "சுரண்டிக்கிடுதியளா?"

செய்தது தப்பு என்றேன். அவர் நாலைந்து பீடி சுற்றிப் போட்டார். மற்ற பெண்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை என்றேன். பின்னே எப்படித் திறப்பாளுவ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்புறம் சொன்னார். "ஒரு குப்பி இருக்கு சார். ஆனா இங்கன வச்சுத் தரமாட்டேன். எல்லாரும் பாக்கத்தான ஊத்தச் சொன்னிய? அதே இடத்துல வச்சு, எல்லாரும் பாக்க வாங்கிக்கிடுங்க."

மறுநாள் காலை பஸ்ஸில் அவர் வந்தார். நல்ல சேலை கட்டி, தலை சீவி, விசேஷத்துக்குப் போகிற மாதிரி வந்தார். நான் கேட்டிலிருந்து கூட்டிப் போனேன். கழுவுமிடத்துச் சாக்கடைப் பக்கத்தில் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். அண்ணாச்சியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். இவர்கள் முன்னால் உங்களைச் சாக்கடையில் ஊற்றச் சொன்னது என் தப்பு, மன்னிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் பைக்குள் கைவிட்டுக் குப்பியை எடுத்து நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன்.

கையில் வாங்கினதுமே தெரிந்துவிட்டது. கனமே இல்லை. மூடியைத் திறந்தேன். பளிச்சென்று கழுவின குப்பி. சோப்பு வாசனை அடித்தது.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. பழிவாங்கிவிட்டாள் என்று நினைத்தேன். அத்தனை பேர் முன்னால் கத்தலாம்போல வந்தது, அழலாம்போலவும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அதே குப்பிதான் சார், காலியாத்தான் இருக்கும் என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார்.

"ஏளா, சாரு கை நீட்டி வாங்கிக்கிட்டாரு, பாத்தியளா? என்னையே ஒண்ணும் சொல்லல. இனிம யாரையும் ஒண்ணும் சொல்லமாட்டாரு. வீட்டுல வச்சிருக்கவ கொண்டாந்து குடுங்கட்டி, பிழைப்பைப் பாருங்க."

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்த பஸ் திரும்புவதற்குள் போய்விட்டார். நான் காலிக் குப்பியை மூடி, உள்ளே சரக்கு இருக்கிற மாதிரி பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைத் தவிர எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

மறுநாள் காலை என் மேசையில் பதினான்கு குப்பிகள் இருந்தன. தைலக் குப்பி, ஊறுகாய்ப் பாட்டில், மூக்குப்பொடி டப்பி, பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற சங்கில் அடைத்துத் துணி கட்டினது ஒன்று. யார் வைத்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் ஒன்பதில் மஞ்சள் தூளும் கற்பூரமும் தேங்காய் எண்ணெயும் குழைத்திருந்தார்கள். இரண்டு அடுப்படியில் இருந்து உருகி உறைந்தது. மூன்று மட்டும் அப்படியே சுத்தமாக இருந்தது. அந்த மூன்றில் முதல் இரண்டைப் போட்டு டம்ளரில் கடைந்து பார்த்தேன், மணல், அவையும் எங்கோ சூடு கண்டிருக்க வேண்டும். மூன்றாவதைப் போடும்போது குப்பி கையில் வழுக்கியதில் பாதி கீழே சிந்தியது. குனிந்து தரையிலிருந்து வழித்து எடுத்து அதையும் சேர்த்துப் போட்டேன். ஆறுகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரலை விட்டு எடுத்தேன். வெண்ணெய்.

டம்ளரிலிருந்து வாளி, வாளியிலிருந்து அண்டா, அண்டாவிலிருந்து கொப்பரை. கொப்பரைக்குள் கை வைக்க அண்ணாச்சி யாரையும் விடவில்லை. கெடுவுக்கு முந்தின நாள் மூன்று பீப்பாய் லாரியில் ஏறியது. ஒரு மாதம் கழித்து, ஆறு மாதத்துக்கு மட்டும் வாங்கிப் பார்க்கிறோம் என்று பதில் வந்தது. பொங்கலுக்குப் பூட்டவில்லை. அதற்கு மேல் எங்களுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, இன்றைக்கும் இல்லை. வால்வைத் திரும்ப நான்கு விரல் மேலே தூக்கி ஒட்டச் சொன்னபோது, பட்டறைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த அம்மாவைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று கேட்டேன். அண்ணாச்சி மறுக்கவில்லை. சம்பளத்தைக் கூட்டியே எழுதச் சொன்னார். கடிதத்தையும், ஒரு பெரிய பாட்டில் நிறைய மெழுகுப் பாலையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கேட்டில் காவலாளி என் பையைத் திறக்கச் சொன்னார். நான் போட்ட விதிதானே. பாட்டிலைப் பார்த்துவிட்டு, நோட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, வெளியே போகிற சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

அந்த அம்மா அதே நடையில் அதே சுளகோடு இருந்தார். கடிதத்தை எழுத்துக் கூட்டி முழுக்க வாசித்தார். சம்பளம் நல்லாத்தான் போட்டிருக்கிய என்றார். பிறகு கடிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"இங்கன என் பையை யாரும் தொறந்து பாக்கமாட்டாவ சார்."

பாட்டிலையாவது வாங்கிக்கொள்ளுங்கள், காலுக்குப் போட என்றேன். அவர் பாட்டிலைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

"கேட்டுச் சீட்டு இருக்கா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதிலிருந்த தேதியையும் என் கையெழுத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சீட்டை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். அதற்கு அப்புறம்தான் பாட்டிலை எடுத்து உள்ளே வைத்தார்.